லீவில் வந்தவள் திரும்பிப் போக என்ன வழி?



பிள்ளைகளின் படிப்பைப் பற்றியே இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் எழுதிவருகிறேன். ஆனால் சில மாதங்களாக, பாடப் புத்தகத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு கேள்வி என்னிடம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்கு வருகிற தகப்பன்மார் கேட்கிறார்கள். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற அம்மாயிமார் கேட்கிறார்கள். கடிதமாகவும் வருகிறது. சிங்கப்பூரில் வீட்டு வேலைக்கும், வயோதிபரைப் பராமரிக்கும் வேலைக்கும் போயிருக்கிற மகளோ மனைவியோ தங்கையோ லீவில் வர இருக்கிறாள். வந்தவள் திரும்பிப் போவதற்கான விசாவை எங்கே எடுப்பது, யாரைப் பிடிப்பது, எவ்வளவு செலவாகும் என்பதே கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த விசா ஹட்டனிலும் இல்லை, கொழும்பிலும் இல்லை. அவள் பிளேன் ஏறுவதற்கு முன்பே, அங்கே அவள் வேலை செய்யும் வீட்டில் அது சரியாக இருக்க வேண்டும். அவள் வீட்டுக்கு வரும் லீவோ அதற்கும் முன்னதாக, வேலைக்குப் போகக் கையெழுத்து வைத்த அன்றே தாளில் ஏறியிருக்க வேண்டும். இந்த இரண்டையும் விளக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி பிடோக்கில் இருக்கிறாள். பெயர் வேண்டாம். சிங்கப்பூரின் கிழக்குப் பக்கத்தில் உள்ள பெரிய குடியிருப்பு நகரம் பிடோக். அரசாங்க வீடமைப்புக் கழகம் 1970களில் அங்கே அடுக்குமாடிகளைக் கட்டத் தொடங்கியது. அன்று கைக்குழந்தையோடு குடிவந்த இளம் தம்பதிகள் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள். பாட்டியைத் தூக்கி உட்கார வைக்கவும், மருந்து கொடுக்கவும், சக்கர நாற்காலியில் வைத்துக் கீழே காற்றாடக் கூட்டிப்போகவும் ஓர் ஆள் வேண்டும். தமிழ்க் குடும்பமென்றால் தமிழ் பேசுகிற ஆளாகத் தேடுவார்கள். என் பழைய மாணவி பார்த்துக்கொள்வதும் பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்துபோன, எண்பதைக் கடந்த ஒரு தமிழ்ப் பாட்டியைத்தான்.

பிடோக்கிலிருந்து சாங்கி விமான நிலையம் கூப்பிடு தூரம். ரயில் ஏறி, அடுத்த நிலையமான தானா மேராவில் மாறிப் போய்விடலாம். அங்கிருந்து கட்டுநாயக்காவுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். கட்டுநாயக்காவிலிருந்து பஸ் மாறி மாறி நமது மலைக்கு வந்து சேர அதைவிட அதிக நேரம் பிடிக்கிறது! வீடு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் இரண்டே முக்கால் வருடமாக அவள் வரவில்லை. முதல் இரண்டு வருடம் முடிந்தபோது லீவா, லீவுக்குப் பதிலாகப் பணமா என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக் கூரைக்குத் தகரம் போட வேண்டியிருந்ததால் பணத்தை எடுத்துக்கொண்டாள். அவள் போகும்போது முதலாம் வகுப்பில் சேரக் காத்திருந்த பிள்ளை இப்போது மூன்றாம் வகுப்பில், என் கண்முன்னே இருக்கிறான்.

அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்: "டீச்சர், இந்த டிசம்பர்ல போயிட்டு வான்னு மேடம் சொல்லிட்டாங்க. ஆனா போனவ திரும்பி வரமாட்டாளோன்னு அவங்களுக்குப் பயம். போனா திரும்ப உள்ள விடமாட்டாங்களோன்னு எனக்குப் பயம்."

இருவரும் கெட்டவர்களல்ல. இருவர் பயத்தையும் நீக்கக்கூடியது தாள்தான்.

சிங்கப்பூர் அரசாங்கம் வெளிநாட்டு வீட்டுப் பணிப்பெண்களை முறையாக அனுமதிக்கத் தொடங்கியது 1978இல். அப்போது அனுமதி பெற்ற மூன்று நாடுகளில் இலங்கையும் ஒன்று. பிலிப்பைன்சும் தாய்லாந்தும் மற்ற இரண்டு. இன்று இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மியன்மார் பெண்களே அங்கே பெருந்தொகை. எல்லா நாட்டாரையும் சேர்த்தால் 2024 முடிவில் மூன்று இலட்சம் அளவில் இருந்தார்கள். நம்மவர்கள் அதில் ஒரு சிறு கூட்டம். ஆனால் சட்டம் எல்லோருக்கும் ஒன்றே.

அந்தச் சட்டத்தின் மையம் 'வேர்க் பெர்மிட்' என்கிற வேலை அனுமதி. மனிதவள அமைச்சு அதைக் கொடுக்கிறது. பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குக் கொடுப்பார்கள். அது செல்லுபடியாகும் காலம் வரையில் சிங்கப்பூரைவிட்டு வெளியே போகவும் மீண்டும் உள்ளே வரவும் அந்த அனுமதியே போதும். தனியாக 'மீள்நுழைவு விசா' என்று ஒன்று கிடையாது. ஆகவே அப்படி ஒன்றை எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி உங்களிடம் எவராவது பணம் கேட்டால், அவர் இல்லாத ஒரு பொருளை விற்கிறார் என்று அறிந்துகொள்ளுங்கள். நமது கடைவீதிகளில் இப்படிப்பட்ட தரகர்களுக்குக் குறைவில்லை. படிக்காத தாய்மாரிடம்தான் அவர்கள் முதலில் போவார்கள்.

இன்னொரு வலையும் உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் குறுகிய காலத்துக்குச் சிங்கப்பூரைப் பார்த்துவர விசா வேண்டியதில்லை. இதைக் காட்டி, "பெர்மிட் முடிஞ்சா என்ன, சுற்றுலாவா போய் அங்க பார்த்துக்கலாம்" என்று சொல்லுவார்கள். பார்வையாளராக உள்ளே போனவர் வேலை செய்தால் அது குற்றம். பிடிபட்டால் அபராதமும் சிறையும், அதன் பின் அந்த நாட்டு வாசலையே மிதிக்க முடியாத நிலையும் வரலாம்.

இனி, அந்த அனுமதி யார் கையில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். விண்ணப்பம் செய்தவர் முதலாளி. புதுப்பிப்பவரும் அவர்தான், வேண்டாமென்று ரத்துச் செய்யக்கூடியவரும் அவர்தான். அவள் இங்கே லீவில் இருக்கும்போது அது ரத்தானால், அல்லது தேதி முடிந்துபோனால், கையிலிருக்கும் அட்டை வெறும் அட்டை. மறுபடி புதிய ஆளாக விண்ணப்பித்து, முன்கூட்டிய அனுமதிக் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். இடையில் ஏஜென்சி நுழைந்தால் கட்டணமும் முதலிலிருந்து தொடங்கும். அதனால்தான் நான் சொல்வது: புதுப்பித்த பிறகு பறக்க வேண்டும், பறந்த பிறகு புதுப்பிக்கலாம் என்று இருக்கக் கூடாது. பெர்மிட் முடிய ஒன்றிரண்டு மாதம்தான் இருக்கிறதென்றால், "லீவுக்குப் போகுமுன் புதுப்பித்துத் தாருங்கள்" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். அப்படிக் கேட்பது முதலாளிக்கும் தைரியம் தரும். புதிய இரண்டு வருடத்துக்குச் சம்மதித்தவள் திரும்பி வருவாள் என்று அவர் நம்பலாம்.

பெர்மிட்டின் காலம் கடவுச்சீட்டின் காலத்தையும் பொறுத்தது. கடவுச்சீட்டு சீக்கிரம் முடியப்போகிறதென்றால் இரண்டு முழு வருடம் கிடைக்காது. லீவில் வந்து இங்கே புதுக் கடவுச்சீட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், 2022இலும் 2024இலும் பத்தரமுல்லையில் நின்ற வரிசைகளை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. முப்பது நாள் லீவில் பாதியை அந்த வரிசைக்குக் கொடுக்கலாமா? சிங்கப்பூரில் உள்ள நமது உயர் ஸ்தானிகராலயத்தில் மாதக்கணக்கில் முன்னதாகவே விண்ணப்பிப்பதுதான் புத்தி. இன்னொன்று. கடவுச்சீட்டு அவளுடையது. "பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று முதலாளி அதை வாங்கி வைத்துக்கொள்வதைச் சிங்கப்பூர்ச் சட்டம் ஏற்பதில்லை.

திரும்பிப் போகும்போது, சிங்கப்பூர் இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் 'வருகை அட்டை' ஒன்றைக் கணினியிலோ கைத்தொலைபேசியிலோ நிரப்பி அனுப்ப வேண்டும். இது இலவசம். அரசாங்கத் தளத்தைப் போலவே தோற்றமளித்துக் காசு கேட்கும் போலித் தளங்கள் இருக்கின்றன. படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்கட்டும்.

இவ்வளவும் திரும்பிப் போவதைப் பற்றியது. வருவதைப் பற்றி இன்னும் நான் சொல்லவில்லை.

"இரண்டு வருசம் வேலை செய்தால் ஒரு மாசம் லீவு சட்டப்படி உண்டு" என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அங்குள்ள பொதுத் தொழிற்சட்டம் வீட்டுப் பணிப்பெண்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கென்று இருக்கிற வெளிநாட்டுத் தொழிலாளர் சட்டம் உணவு, இருப்பிடம், மருத்துவம், ஓய்வு நாள், ஊருக்கு அனுப்பும் செலவு ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு 2013 ஜனவரியில் வந்தது. மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது பணம் கொடுத்து ஈடு செய்ய முடியாது என்ற விதி 2023 ஜனவரியில் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்துபோகும் லீவை இரு தரப்பும் பேசி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். எழுதாவிட்டால் அது முதலாளியின் தயவு.

ஹொங்கொங்கில் இப்படி இல்லை. அங்கே அரசாங்கமே வகுத்த ஒரே மாதிரியான ஒப்பந்தம் இருக்கிறது. இரண்டு வருடம் முடிந்து அதே வீட்டில் தொடர்வதென்றால், முதலாளி செலவில் ஊருக்குப் போய் 7 நாளுக்குக் குறையாமல் இருந்துவிட்டு வர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. சவூதியில் கதை வேறு. அங்கே நாட்டைவிட்டு வெளியேறவும் மீண்டும் நுழையவும் நிஜமாகவே தனி விசா உண்டு. 2021 மார்ச்சில் பல தொழிலாளருக்கு முதலாளியின் சம்மதமின்றியே அதைப் பெறும் வழி திறக்கப்பட்டபோது, வீட்டுப் பணிப்பெண்களை அந்தச் சீர்திருத்தத்தில் சேர்க்கவில்லை. நமது ஆட்களுக்கு 'மீள்நுழைவு விசா' என்ற சொல் மத்திய கிழக்கிலிருந்து வந்த சொல். சிங்கப்பூருக்கும் அது பொருந்தும் என்று நினைத்துக் குழம்புவது அதனால்தான்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் வீட்டுப் பணியாளருக்கென 189ஆம் சமவாயத்தை நிறைவேற்றியது. வேலை தொடங்குமுன் பணியாளர் அறிந்திருக்க வேண்டியவை என்று அது வரிசைப்படுத்தியிருப்பவற்றில் சம்பளத்தோடு கூடிய வருடாந்த லீவும் ஒன்று. சிங்கப்பூர் அதில் கையெழுத்திட்ட நாடல்ல. ஆனாலும் ஒரு பெண் தன் ஒப்பந்தத்தில் அதை எழுதக் கேட்பதை யாரும் தடுக்கவில்லை.

ஆகவே, இப்போது போக இருக்கும் பெண்களின் வீட்டார் கவனமாகக் கேளுங்கள். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் ஏஜென்சியிடம் கேட்டுவிட்டு வராதீர்கள். எத்தனை மாதத்துக்குப் பின் லீவு, எத்தனை நாள், அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா, டிக்கட் போகவர இரண்டுமா அல்லது ஒரு பக்கமா, அவசரமாகத் தாய் தகப்பன் தவறிப்போனால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். கேட்டதை எழுதச் சொல்லுங்கள். எழுதியதன் பிரதி ஒன்று வீட்டு அலுமாரியில் இருக்கட்டும். லீவுக்குப் பதில் பணம் என்பதை ஒரு தடவை, நெருக்கடியில், ஏற்றுக்கொள்ளலாம். இரண்டாம் தடவையும் அப்படியே செய்தால் நான்கு வருடம் போய்விடும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு நான்கு வருடம் என்பது அதன் ஆயுளில் பெரும்பகுதி!

முதலாளி பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பிடோக் வீட்டில் அந்த ஒரு மாதம் பாட்டியை யார் தூக்குவார்கள்? மகள்மார் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் தயங்குவது மனம் கல்லாகிப் போனதால் அல்ல. இதற்கு என் மாணவி கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்திருந்தது. ஆறு மாதம் முன்னதாகவே தேதி கேட்டாள். அதுவும் டிசம்பரில் கேட்டாள். அங்கே பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை நவம்பர் பின்பாதியிலிருந்து டிசம்பர் முடியும்வரை. பெரிய பேரப்பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், மகள்மாரும் லீவு போட்டுக்கொள்வார்கள். நமது பிள்ளைகளுக்கும் வழக்கமாக டிசம்பரில் விடுமுறை வரும். முதலாளிக்கு இன்னொரு சலுகையும் இருக்கிறது. பணிப்பெண் ஒருத்தியை வைத்திருப்பதற்கு அவர்கள் மாதந்தோறும் அரசாங்கத்துக்குத் தீர்வை கட்டுகிறார்கள். சாதாரணமாக 300 வெள்ளி, வயோதிபரோ சிறு பிள்ளைகளோ உள்ள வீடுகளுக்குச் சலுகையாக 60 வெள்ளி. பணிப்பெண் தொடர்ந்து 7 நாளோ அதற்கு மேலோ வெளிநாட்டு லீவில் இருந்தால், வருடத்துக்கு 60 நாள் வரை அந்தத் தீர்வையைத் தள்ளுபடி செய்யும்படி அவர்கள் விண்ணப்பிக்கலாம். டிக்கட்டில் ஒரு பங்காவது அதிலிருந்து வரும். பணிவாக எடுத்துச் சொல்லலாமே.

டிசம்பர் விடுமுறை என்றேன். ஓர் ஆசிரியையாக எனக்கு அதில் ஒரு சின்ன மனக்குறை உண்டு. முடிந்தால் தவணை முடியும் கடைசி நாட்களிலாவது வந்து சேருங்கள். பாடசாலை நடக்கும் ஒரு நாளில் தாய் வந்து, பிள்ளையின் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, அவன் உட்காரும் வாங்கில் ஒரு நிமிடம் உட்கார்ந்து போனால், அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகள் முன்னால் எப்படி நிமிர்ந்து நடக்கிறான் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஊருக்குப் போய்த் திரும்பும் இந்தக் கவலை நமது சனத்துக்குப் புதிதல்ல. நமது பாட்டன் பூட்டன் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியவர்கள். அதற்கு முன் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்து வைத்து, அம்மை குத்தி, நோயில்லை என்று கண்ட பிறகே விட்டார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் மாறுவதற்கே 'துண்டு' வேண்டியிருந்தது. கங்காணியின் கடன் தொகை எழுதிய அந்தத் துண்டு இல்லாமல் வேறு துரை வேலை கொடுக்கமாட்டார். அது 1921இல்தான் ஒழிந்தது. 1948ஆம் ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் திருச்சியிலோ சேலத்திலோ கிடக்கும் தாயைப் பார்க்கப் போனால் திரும்பிவரத் தாள் வேண்டும் என்றாகிவிட்டது. தாள் இல்லாமல் அக்கரையிலேயே நின்றுவிட்டவர்களின் கதை வயதானவர்களிடம் இன்றும் இருக்கும். கேட்டுப் பாருங்கள். அன்று நமக்கு வாசிக்கத் தெரியாது, மற்றவர் வாசித்துச் சொன்னதை நம்பினோம். இன்று நம் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியும்.

தாள் எல்லாம் சரியாக இருந்தும் வழி அடைபட்ட காலம் ஒன்றும் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, லீவிலிருந்து திரும்பும் ஒவ்வொருவருக்கும் மனிதவள அமைச்சின் தனி அனுமதி வேண்டும் என்றார்கள். இறங்கியவர்கள் பதினான்கு நாள் தனிமையில் இருக்க வேண்டும் என்றார்கள். 2021 மே தொடக்கத்தில் இலங்கையிலிருந்து வருவோருக்குச் சிங்கப்பூர் கதவையே மூடியது. அக்டோபர் கடைசியில்தான் திறந்தது. அந்த மாதங்களில் லீவில் வந்திருந்தவர்கள் பெர்மிட் தேதியை எண்ணிக்கொண்டு லயத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அப்படிப்பட்ட வேளையில் முதலாளியோடு விடாமல் தொடர்பில் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. தொலைபேசி இலக்கத்தை மாற்றிக்கொண்டு, முதலாளியிடம் சொல்லாமல் இருந்துவிடக் கூடாது.

அடுத்ததாக நம் வீட்டுப் பக்கம். இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லப் போகிறேன்.

அவள் இங்கு வந்து இறங்கியதும் நாம் என்ன செய்கிறோம்? தேக்காவில் வாங்கிய சேலை யாருக்கு, கோடாலித் தைலம் எத்தனை போத்தல், சின்னம்மா வீட்டுக்கு ஏன் இல்லை என்பதில் முதல் கிழமை போகிறது. சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்து அவள் சேர்த்தவை அவை. வாரத்தில் கிடைத்த ஒரே ஓய்வு நாளில் வாங்கியவை. அடுத்த கிழமை கடன் கேட்பவர் வரிசை. பிறகு, "வந்ததுதான் வந்துட்ட, தங்கச்சி சடங்கு முடிஞ்சு போ," "கோயில் திருவிழா முடிஞ்சு போ" என்று ஆளாளுக்குக் கையைப் பிடிக்கிறோம். டிக்கட் தேதியைத் தள்ளிப்போட்டால் பணம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதானே என்று நினைக்கிறோம். அவள் சொன்ன தேதியில் போய்ச் சேராவிட்டால் முதலாளி அந்த அனுமதியை ரத்துச் செய்து வேறு ஆள் எடுக்கலாம். அவருக்குக் கட்டிலில் கிடக்கும் பாட்டி இருக்கிறாள், அவர் காத்திருக்க முடியாது.

பொய்ச் செய்தி அனுப்புவதும் உண்டு. முன்பு "அம்மா சீரியஸ்" என்று தந்தி, இப்போது வாட்சப். தாய் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே அப்படிச் சொல்லி லீவு வாங்கித் தந்தால், உண்மையாகவே தாய் படுக்கையில் விழும் நாளில் அதை எவர் நம்புவார்? அதே அடுக்குமாடியில் வேலை செய்யும் மற்றப் பெண்களின் சொல்லுக்கும் மதிப்புப் போய்விடும்.

புருஷன்மாருக்கு ஒரு வார்த்தை. குடும்பப் பத்திரிகையில் இதை எழுதலாமா என்று தயங்கினேன். எழுதாமல் விட்டால் தீங்கு அதிகம். சிங்கப்பூரில் பணிப்பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை உண்டு. கர்ப்பமா என்று அதில் பார்ப்பார்கள். கர்ப்பமென்றால், பெர்மிட் விதியின்படி, அவளை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். லீவில் வந்துபோனவள் இரண்டு மாதம் கழித்து இப்படித் திரும்பி வந்தால் பழி முழுவதும் அவள் தலையில் விழுகிறது. இன்னொரு பிள்ளை வேண்டுமென்று இருவரும் விரும்பினால் நல்லது, அவள் வீட்டிலேயே இருக்கட்டும். வேண்டாமென்றால், அவள் வருவதற்கு முன்பே தோட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் போய்ப் பேச வேண்டியது உங்கள் கடமை.

பிள்ளையின் விடயத்துக்கு வருகிறேன். மூன்று வயதில் விட்டுப்போன பிள்ளை, ஆறு வயதில் தாயைக் கண்டு அம்மாயியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். முதல் நாட்களில் அவள் ஊட்டினால் சாப்பிடாது. தாய் இரவில் அழுவாள். அது பிள்ளையின் குற்றமுமல்ல, அம்மாயி சொல்லிக்கொடுத்ததுமல்ல. பத்து நாளில் பிள்ளை மடியில் ஏறிக்கொள்ளும். இருபதாம் நாள் பாடசாலைக்கே போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும், போனால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்ற பயத்தில். இந்தப் பயத்தை வளர்ப்பது நாம்தான். தாய் திரும்பிப் போகும் நாளில் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போய், அல்லது தூங்க வைத்துவிட்டு, விடியற்காலையில் அவளை வான் ஏற்றி அனுப்புகிற வழக்கம் இருக்கிறதே, அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அப்படி எழுந்து பார்த்த பிள்ளைகள் அதன் பின் மாதக்கணக்கில் வகுப்பில் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். வந்த அன்றே நாட்காட்டியில் போகும் தேதியைப் பிள்ளையின் கையாலேயே வட்டமிடச் செய்யுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு கோடு போடட்டும். அழும்தான். ஆனால் ஏமாந்து அழாது. அடுத்த லீவு எந்த வருடம் எந்த மாதம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். அதைச் சொல்ல முடிய வேண்டுமானால் அது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

கரைச்சல் வந்தால் எங்கே போவது? லீவு தருவதாக எழுதிக்கொடுத்துவிட்டு மறுக்கிறார்கள், கடவுச்சீட்டைத் தரவில்லை, சம்பளத்தை நிறுத்திவைத்துக்கொண்டு "போய் வா, வந்ததும் தருகிறேன்" என்கிறார்கள் என்றால், அங்கிருக்கும்போதே மனிதவள அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். தொழிற்சங்கக் காங்கிரஸ் 2016இல் தொடங்கிய இல்லப் பணியாளர் நிலையம் இருக்கிறது, 'ஹோம்' என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. இரண்டும் இப்படிப்பட்ட பெண்களுக்கு உதவுகின்றன. சம்பள பாக்கியோடு பிளேன் ஏறிவிட்டால், லயத்திலிருந்துகொண்டு அதை வாங்குவது மிகக் கடினம். போகுமுன் கணக்கைத் தீர்த்து, கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் இருவரும் கையெழுத்திட்டுக்கொள்வதே முறை.

கடைசியாக, நமது நாட்டுப் பக்கத்தில் செய்ய வேண்டியது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அவள் முதலில் போகும்போது பதிவு செய்திருப்பாள். அந்தப் பதிவுக்குக் காலவரை உண்டு. லீவில் வந்து அதே வீட்டுக்குத் திரும்புபவர்களும் அது முடிந்திருந்தால் புதுப்பிக்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால் கட்டுநாயக்காவில் மறிக்கப்படலாம். காப்புறுதியும் அதோடு சேர்ந்ததுதான். இதைப் பயணத்துக்கு முந்திய நாள் மாலையில் ஞாபகப்படுத்திக்கொண்டு ஓடாமல், வந்த முதல் கிழமையிலேயே பெர்மிட்டின் பிரதி, ஒப்பந்தத்தின் பிரதி, கடவுச்சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போய் முடித்துவிடுங்கள். அங்கே கட்டும் பணத்துக்குப் பற்றுச்சீட்டுத் தருவார்கள். அதை அவள் எடுத்துப் போகட்டும், பிரதி ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.